திண்டிவனத்து இரவும் நமது வாய்ப்பூட்டும்

விசுவாசத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கத் தைரியம் வேண்டும் என்று ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்திலிருந்து கேட்டுக் கேட்டே வளர்ந்த நமக்கு, அந்தத் தைரியம் எங்கிருந்து வரும், எந்த வேளையில் வரும், வந்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் நின்று நிதானமாகச் சொல்லித் தந்ததில்லை. ஆலயத்தில் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொல்லும் அதே மனிதர், மறுநாள் காலையில் விழுப்புரம் பழைய பஸ் நிலையத்தில் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், "நேத்து கல்யாணத்துக்கு ஏன் சார் வரல?" என்று கேட்டால், "ஆராதனைக்குப் போயிருந்தேன்" என்ற இரண்டே சொற்களைச் சொல்லக் கூசி, "வெளியில கொஞ்சம் வேலை இருந்தது" என்று மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கூச்சத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஆராய்ந்து பார்க்கவே விரும்புகிறேன். ஏனெனில், இந்தப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கூச்சம் சொந்தமானது.

கல்லெறிவார்கள், சிறையில் போடுவார்கள் என்ற பயம் அன்று அது. பக்கத்து வீட்டாரோடு பல வருஷங்களாகக் கொண்டிருக்கும் சிநேகம் ஒரு வார்த்தையால் கெட்டுப் போய்விடுமோ, "மதம் மாத்த வந்துட்டாங்கய்யா" என்று ஏளனமாகச் சொல்லிவிடுவார்களோ, கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விழிக்க நேருமோ என்கிற சின்னச் சின்ன பயங்கள்தாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நாவைக் கட்டிவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில், வாய்விட்டுச் சொல்ல விரும்பாத வேறொரு பயமும் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து சென்னைப் பக்கம் பாசஞ்சர் வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வரிசையாக வந்து போகும் ஸ்டேஷன்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். மயிலத்துக்கு அடுத்து வருவது திண்டிவனம். இன்றைக்கு அந்த ஊரில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, வேலூரில் உலகம் அறிந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தோன்றுவதற்கான வித்து இந்த ஊரின் மிஷன் பங்களா ஒன்றில், ஒரே ஓர் இரவில் விழுந்தது என்பது தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. விசுவாசமும் தைரியமும் ஒன்றோடொன்று எப்படிச் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதைச் சிந்திக்க அந்த இரவைக் காட்டிலும் பொருத்தமான நிகழ்ச்சி நம் ஜில்லாவில் வேறு இல்லை.

அந்த வித்து விழுந்தது ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணின் உள்ளத்தில். அவர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனாராகிய டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்; 1819இல் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், காத்திருந்த சில நிமிஷங்களில் கைக்கு அகப்பட்ட ஒரு சிறு பிரசுரத்தை வாசித்து, அதனால் உந்தப்பட்டுக் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் 1836இல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். நம் பஸ் நிலையங்களில் திணிக்கப்பட்டு, அடுத்த நிமிஷமே காலடியில் மிதிபடும் கைப்பிரதிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரும். ஸ்கடர் வாசித்த காகிதத்தை யாரும் அவர் கையில் திணிக்கவில்லை. அது அங்கே கிடந்தது, அவருக்கும் அப்போது ஓய்வு இருந்தது. கைப்பிரதி ஊழியம் செய்யும் சகோதரர்கள் இதைத் தயவாய்ச் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் ஜான் ஸ்கடரின் குமாரர்களில் மூவர் 1853இல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தார்கள். மற்ற மிஷன்கள் பள்ளிக்கூடங்களின் வழியாகச் சமயத்தைப் பரப்ப முயன்ற காலத்தில், ஊர் ஊராகச் சென்று மக்களுடைய பாஷையிலேயே பிரசங்கிப்பதுதான் தங்கள் பிரதான வேலை என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். ஆக, பேசுவதற்கு அஞ்சாத குடும்பம் அது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணாகிய ஐடாவோ, மிஷனெரி வாழ்க்கையே தனக்கு வேண்டாம் என்று உறுதியாக இருந்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தைச் சிறு குழந்தையாகப் பார்த்தவர் அவர். பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய கைகள் அவருடையவை. அந்தத் துயரத்தையும் வெயிலையும் விட்டு விலகி, அமெரிக்காவில் படித்து, அங்கேயே விவாகம் செய்துகொண்டு சுகமாக இருக்க விரும்பியதில் என்ன ஆச்சரியம்? தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்ததால் மாத்திரமே 1890இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். அப்போது தகப்பனாராகிய இரண்டாம் ஜான் ஸ்கடர் வைத்திய ஊழியம் செய்துகொண்டிருந்த இடம் திண்டிவனம்.

அங்கே ஒருநாள் இரவு, ஐடா விளக்கடியில் அமர்ந்திருந்த வேளையில், பிராமண வாலிபர் ஒருவர் பங்களாவுக்கு வந்தார். தம் இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதாகவும் சொல்லி, ஐடா வந்து உதவ வேண்டும் என்று மன்றாடினார். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார்தான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்று ஐடா சொல்ல, அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது தங்கள் வழக்கத்துக்கு அடுக்காது என்று அவர் துயரத்தோடு திரும்பிவிட்டார். சிறிது நேரத்தில் முகம்மதியர் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. அதன்பின் முதலியார் ஒருவர் வந்தார். அவரும் அப்படியே போனார். ஒரே இரவில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு சமூகத்தினர், ஒரே வாசலில் வந்து நின்று, ஒரே காரியத்தைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் சாவுமேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று ஸ்திரீகளுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

இதை வாசிக்கும்போது என்னைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. அந்த மூவரில் ஒருவரும் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்கவும் அவர்கள் வரவில்லை. ஆயினும், பிற்காலத்தில் ஐடா ஸ்கடர் வாழ்ந்து காட்டிய விசுவாசம் முழுவதும் அவர்கள் மூவருடைய வேண்டுகோளுக்குக் கொடுத்த பதிலாகவே அமைந்தது. தேவன் தம்மோடு பேசியது அவர்களுடைய வாயினால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாம் பிறருக்கு நற்செய்தி சொல்லப் போவதாகத்தான் எப்போதும் நினைக்கிறோம். நம்மிடம் பிறர் சொல்லவந்த செய்திக்குக் காது கொடுப்பதிலிருந்துதான் தைரியம் பிறக்கிறது என்பதைத் திண்டிவனத்து நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. தன்னைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவரையில் அந்தப் பெண்ணுக்கு இந்தியாவே பயமாக இருந்தது. வாசலில் நின்றவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய அந்த இரவிலிருந்து பயம் தானாக விலகிக்கொண்டது.

பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1895இல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1899இல் கார்னெல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பணம் திரட்டுவதற்காக அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். நியூயார்க்கில் ஒரு வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்ததை அப்புறமிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஷெல் என்னும் வங்கிக்காரர், காலஞ்சென்ற தம் மனைவியின் ஞாபகார்த்தமாகப் பதினாயிரம் டாலர் கொடுத்தார். 1900இல் அவர் வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் இறந்துபோனார். அனுபவமில்லாத இளம் டாக்டர் தனியே நின்றார். 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. 1960இல் கொடைக்கானலில் அவர் காலமானார்.

இந்த இடத்தில்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐடா ஸ்கடரின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னவுடனே நம்மவர்கள், "பார்த்தீர்களா, வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, நம் வாழ்க்கையே சாட்சி, சேவையே பிரசங்கம்" என்று ஒரு பெருமூச்சோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த வாக்கியம் அழகானது. உண்மையும் அதில் உண்டு. ஆனால், அதைச் சொல்லும் நம்மில் பலருக்கு அது பயத்துக்கு அடைக்கலமாக உதவுகிறது என்பதையும் மறைக்க முடியாது. வாழ்க்கையே சாட்சி என்று சொல்லுகிறவருடைய வாழ்க்கை, பார்ப்பவர்கள் "இவர் ஏன் இப்படி இருக்கிறார்?" என்று கேட்கும்படி அமைந்திருந்தால் நல்லது. ஆனால் கேட்டபிறகும் அவர் பதில் சொல்லாமல் இருந்தால், புகழ் எல்லாம் அவருடைய நற்குணத்துக்கே போய்ச் சேரும். தான் பெற்ற அன்பு எங்கிருந்து வந்ததென்று சொல்லாமல் மறைப்பதும் ஒருவித அகங்காரம் அல்லவா?

ஐடா அவ்விதம் மறைத்தவர் அல்லர். தம் மாணவிகளுக்கு வேதபாட வகுப்பு நடத்துவதை அவர் முக்கிய வேலைகளில் ஒன்றாகவே கொண்டிருந்தார். அவரோடு வேலூருக்கு வந்த அன்னி ஹான்காக் என்னும் சிநேகிதியோ டாக்டர் அல்லர்; நகரத்து வீடுகளுக்குள்ளே சென்று, வெளியே வராத ஸ்திரீகளோடு உட்கார்ந்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்து, இயேசுவின் கதைகளைச் சொல்லுவதே அவருடைய தொழில். ஆஸ்பத்திரியின் வரலாறு எழுதும்போது டாக்டருக்குப் பல அத்தியாயங்களும் அன்னி அம்மாளுக்குச் சில வரிகளும் கிடைக்கின்றன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் மருந்தில்லாமல், வெறும் வார்த்தையை மாத்திரம் எடுத்துக்கொண்டு அந்நியர் வீட்டுப் படியேறுவதற்கு வேண்டிய துணிவு சாமான்யமானதா?

"எனக்கு அவ்வளவு படிப்பு இல்லையே, வேதம் முழுவதும் தெரியாதே" என்பது அடுத்த தடை. இதற்குப் பேதுருவே போதும். எருசலேமில் நெருப்பருகே உட்கார்ந்திருந்தபோது அவரை நடுங்கவைத்தது ரோமப் பட்டாளம் அன்று, ஒரு வேலைக்காரச் சிறுமியின் சாதாரணக் கேள்வி. ஏழெட்டு வாரங்களுக்குள் அதே பேதுரு பெருங்கூட்டத்தின் நடுவில் நின்று பேசினார். இடைப்பட்ட காலத்தில் அவர் எந்தப் பாடசாலையிலும் சேர்ந்து கற்கவில்லை. ஆண்டவர் தம்மை மன்னித்து மறுபடியும் ஏற்றுக்கொண்டார் என்கிற ஒரே அநுபவந்தான் அவருக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. நம் நாட்டிலேயே, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி, தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தில் ஊழியம் செய்தபோது, ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும், சுவிசேஷத்தைச் சொல்லாமற்போனால் தனக்குக் கேடு என்று பவுல் அப்போஸ்தலர் கூறியதைத் தங்கள் வாயாலேயே சொல்லும்படி செய்தார். அவர்களில் மிகப் பலர் எழுத்தறியாத, நிலமற்ற, ஒடுக்கப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்த கிராமத்து மனிதர்கள். சபையை வளர்த்தவர்கள் அவர்கள்தாம்.

"மதம் மாற்றுகிறார்கள்" என்ற பழிச்சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இளைஞர்கள் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். நம் அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்புவதற்கும் உரிமை தருகிறது. இந்த உரிமையை 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதித்தபோது ஆதரித்துப் பேசியவர்களில் நம் தமிழ்நாட்டு ஹிந்துக்களாகிய டி.டி. கிருஷ்ணமாச்சாரியும், கே. சந்தானமும், எல். கிருஷ்ணசாமி பாரதியும் இருந்தார்கள். கிறிஸ்தவ ஸ்தாபனங்களில் சுமார் பதினான்கு ஆண்டுகள் படித்தும் தம்மை மாற்ற யாரும் முயன்றதில்லை என்று கிருஷ்ணமாச்சாரி அந்தச் சபையிலேயே எடுத்துரைத்தார். 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் சமயக் கொள்கைகளை எடுத்து விளக்கும் உரிமையே, பிறரை மாற்றும் உரிமை அன்று என்று தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கங்களை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். விசுவாசியாகிய எனக்கு அந்த வேறுபாட்டில் வருத்தமில்லை. மனிதனுடைய இருதயத்தை மாற்றுவது என் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. சொல்லுவது என்னுடையது, அதற்கப்பால் நடப்பது எனக்கும் அண்டை வீட்டாருக்கும் மேலான ஒருவருடையது. பணமோ, வேலையோ, பள்ளியில் இடமோ காட்டி ஒருவரை இழுக்க நினைப்பவன் அந்த மேலானவரை நம்பாதவன் என்றே கொள்ள வேண்டும்.

முன்னே நிறுத்திவைத்த அந்த அடித்தளத்துப் பயத்துக்கு இப்போது வருகிறேன். விழுப்புரம் ஜில்லாவில் ஒருவன் தன்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டால், கேட்பவர் மனம் உடனே இயேசுவிடம் போவதில்லை, "எந்தத் தெரு? ஊரா, காலனியா?" என்றுதான் கணக்குப் போடத் தொடங்குகிறது. விசுவாசத்தை வெளியிடுவது ஜாதியை வெளியிடுவதாக ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் மேல்நாட்டுப் பெயரை மறைத்து முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் வாலிபர்கள் அஞ்சுவது கிறிஸ்துவின் நிமித்தம் வரும் உபத்திரவத்துக்கு அன்று, நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்ளும் பார்வைக்குத்தான். இதை அறியாமல் அவர்களுக்குத் தைரியம் போதாது என்று பீடத்திலிருந்து கடிந்துகொள்வது கொடுமை.

சபையாவது இந்தப் பயத்தைப் போக்கியிருக்கிறதா? 1860ஆம் ஆண்டை ஒட்டி, கார்ல் ஓக்ஸ் என்னும் லுத்தரன் மிஷனெரி, சபைக்குள் ஜாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்று லைப்சிக் மிஷனை விட்டு விலகி, இங்கே பண்ருட்டிக்கு அருகில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியத்தை ஆரம்பித்தார். பின்பு டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்து அந்த வேலையை ஏற்றது. நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, 2008 மார்ச் மாதத்தில், அப்போது நம் ஜில்லாவில் இருந்த எறையூரில், ஒரே கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த வன்னியருக்கும் தலித்துகளுக்கும் இடையே மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே பலிபீடத்தில் அப்பம் வாங்கியவர்கள்! அந்த ஊரை மட்டும் நான் சுட்டவில்லை. எந்தப் பிரிவுச் சபையும் தன் கல்லறைத் தோட்டத்தையும் கல்யாணப் பத்திரிகைகளையும் நேர்மையாகப் பார்த்தால் தலைகுனியும். வெளியே போய் நற்செய்தி சொல்லும் துணிவைக் காட்டிலும், உள்ளே இருக்கும் ஜாதியைப் பார்த்து "இது கிறிஸ்துவுக்கு ஒவ்வாது" என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் துணிவு நம்மிடையே அரிதாக இருக்கிறது. பின்னது இல்லாதவன் சொல்லும் நற்செய்தியைப் பிறர் நம்ப மறுத்தால் அவர்கள்மேல் என்ன தவறு?

இனி, முண்டியம்பாக்கத்தில் கண்டதைச் சொல்கிறேன். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் மகள் பிரசவத்துக்குச் சேர்க்கப்பட்டிருந்தாள்; துணைக்கு ஆள் வேண்டுமென்று கேட்டதால் நானும் போயிருந்தேன். பிரசவ வார்டின் வெளித் தாழ்வாரம் முழுவதும் பாய் விரித்து, கட்டைப்பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வெந்நீர்ப் பிளாஸ்க்கும் வெள்ளைத் துணிமூட்டையுமாகத் தாய்மார்கள் காத்துக்கிடந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் ஒருசேர எழுந்து, நர்ஸ் வேறு பெயரைக் கூப்பிட்டதும் ஒருசேர உட்கார்ந்தார்கள். நள்ளிரவு தாண்டிற்று. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அந்த அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், நான் எங்க மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன். நீங்க உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. மனசுக்குள்ள வேணாம், என் காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

காதில் விழுகிற மாதிரி! அந்த ஒரு நிபந்தனையில் என் பதினெட்டு வகைச் சாக்குகளும் அடிபட்டுப் போயின. சுற்றிலும் முகம் தெரியாத ஜனங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களும் அவர்களில் இருக்கலாம். வாய் உலர்ந்துதான் போயிற்று. ஆனால் என் கையைப் பற்றியிருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு என் மானத்தைப் பற்றி யோசிக்க இயலவில்லை. "இயேசுவே" என்று தொடங்கி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, டாக்டர்களின் கைகளுக்காகவும் குழந்தைக்காகவும் இந்தத் தாயின் பயத்துக்காகவும் நாலைந்து வாக்கியங்கள் வேண்டிக்கொண்டேன். அடுத்த பாயிலிருந்த கிழவி ஒருத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். எங்களை யாரும் ஏளனம் செய்யவில்லை.

விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகமாக இருந்தாள். ஜெபத்தின் பலன் என்று நான் அதை ஒருவரிடமும் பறைசாற்றவில்லை. திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களும் இறந்த இரவில், ஜெபம் செய்யத் தெரிந்த குடும்பம் ஒன்று அந்த ஊரிலேயே விழித்திருந்தது என்பதை நான் மறக்கவில்லை. வேண்டிக்கொண்டால் நடந்துவிடும் என்று வியாபாரி போல் உறுதி கொடுத்து விசுவாசத்தை விளம்பரம் செய்கிறவர்கள், நடக்காத வீடுகளில் போய் என்ன சொல்வார்கள்?

டீ வாங்கிவந்து குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள்தான் பேச்சைத் தொடங்கினாள். "உங்க சாமி ஆம்பளதானே? பொம்பளைங்க சமாச்சாரம் அவருக்கு என்னா தெரியும்?" உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது. பன்னிரண்டு வருஷங்களாக இரத்தப்போக்கினால் வருந்தி, வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் செலவழித்து, தீட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒருத்தி, கூட்டத்தில் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டதையும், அவர் அவளைக் கடிந்துகொள்ளாமல், எல்லோருக்கும் முன்பாக மகளே என்று அழைத்ததையும் நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "தீட்டோட தொட்டதுக்குத் திட்டலியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. முடிவுரையாக ஓர் அழைப்பும் கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் என்று தோன்றிற்று. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்கு மென்மையாகவும் மரியாதையோடும் பதில் சொல்ல எந்நேரமும் தயாராக இருக்கும்படி பேதுருவின் நிருபம் புத்தி சொல்கிறது. நெருப்பருகே ஒரு சிறுமியின் கேள்விக்கு நடுங்கியவர் பெயரால் வந்த புத்தி என்பதால் அதற்கு என்னிடத்தில் தனி மதிப்பு.

ஆடி மாதத்தில் அந்த அம்மாள் வழக்கம்போல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். அவளுடைய பக்தியில் எவ்வித மாறுதலையும் நான் காணவில்லை, தேடவும் இல்லை. ஆனால் சில நாள் கழித்து, "அந்தத் தீட்டுக்காரி கதை எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று அவளே வந்து கேட்டாள். கண் பார்வை குறைந்தவள் ஆதலால், பெரிய எழுத்தில் அச்சிட்ட மாற்கு சுவிசேஷம் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன். எட்டாம் வகுப்பு வரையில் படித்தவள். எழுத்துக்கூட்டி, வாய்விட்டு, பேத்தியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே வாசிக்கிறாள். அந்தக் கதை ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், பிசாசு பிடித்த ஒருவனைவிட்டுப் புறப்பட்ட அசுத்த ஆவிகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகளும் கடலில் பாய்ந்து மாண்ட வரலாறு இருக்கிறது. அதை வாசித்த அன்று மாலை அவள் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு நல்லாயிட்டான், சந்தோஷம். பன்னி வளத்தவன் என்னா பண்ணுவான் டீச்சர்? ரெண்டாயிரம் உருப்படி போச்சே. அவனுக்கு யாரு குடுப்பா?"

ஆடு மாடு வளர்த்துப் பிழைத்த குடும்பத்துப் பெண்ணின் கேள்வி அது. எத்தனையோ பிரசங்கங்களில் அந்தப் பகுதியைக் கேட்டிருந்தும் பன்றிக்காரனைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒரு மனுஷனின் விலை என்ன என்பதைக் காட்டத்தான் அப்படி நடந்திருக்குமோ என்று மெல்லச் சொன்னேன். அவள் திருப்தி அடையவில்லை. "அது சரி, ஆனா அவனும் மனுஷன்தானே" என்றாள். ஆயரைக் கேட்டு வருகிறேன் என்று சொன்னேன். "கேட்டுட்டு வாங்க, அதுக்குள்ள நான் அடுத்த பக்கத்தப் படிச்சு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.